பதினோரு எழுத்து

இந்தோனேசியாவின் பாத்தாம் தீவில், கொதிகலன் பட்டறைகளில் விகாத்தியைத் தெரியாதவர்கள் இல்லை. தெரிந்தவர்களில் பாதிப் பேருக்கு அவளைக் கண்டாலே ஆகாது. அவள் வந்து சுத்தியலால் தட்டிவிட்டுப் போகாமல் அங்கே எவனும் ஒரு தகட்டில் தீ வைக்க முடியாது, அதுதான் காரணம்.

ஜப்பானிலிருந்து கப்பலில் வந்து இறங்கும் குரோமியம்-மாலிப்டினம் உருக்குத் தகடு ஒவ்வொன்றின் மூலையிலும் பதினோரு எழுத்து பொறித்திருக்கும். எந்த உலையில் உருக்கியது, எவ்வளவு சூட்டில் எத்தனை மணி நேரம் பதப்படுத்தியது, இழுத்துப் பார்த்தபோது எங்கே அறுந்தது என்பதெல்லாம் அந்தப் பதினோரு எழுத்தை வைத்துக் காகிதத்தில் தேடினால் கிடைத்துவிடும். தகட்டிலிருந்து ஒரு துண்டை வெட்டுவதற்கு முன்னால், வெட்டப்போகிற துண்டிலும் அதே எழுத்தை அடித்தாக வேண்டும். அடித்த பிறகுதான் வெட்டு. அவசரப்பட்டு முந்தி வெட்டிவிட்டால் அந்தத் துண்டு எங்கிருந்து வந்தது என்று சாட்சி சொல்ல ஆளில்லை. எண்பது மில்லிமீட்டர் கனம், பத்துப் பேர் தள்ளினாலும் நகராது, அப்பழுக்கு இல்லாத உருக்கு. இருந்தும் அந்த நிமிஷமே அது காயலான் கடைச் சரக்கு.

இந்த எழுத்தை அடிப்பதுதான் விகாத்தியின் வேலை. ஒரு மரப்பெட்டியில் மொண்ணை முனை அச்சுகள் வைத்திருப்பாள். கூர்முனை அச்சு இந்த உருக்குக்கு ஆகாது. கூராகக் கீறிய இடத்தில்தான் பின்னால் விரிசல் பிடிக்கும். அவள் பெட்டியோடு வருவதைப் பார்த்ததும் வெட்டுகிறவர்களில் யாராவது ஒருத்தன் ஆரம்பிப்பான்.

"எந்திரிங்கப்பா, பாதிரியம்மா வந்தாச்சு. ஞானஸ்நானம் முடிஞ்சாத்தான் நமக்கு வேலை."

"ஞானஸ்நானம் பண்ணாம நீ வெட்டிப் பாரேன்," என்பாள் விகாத்தி. "துண்டோட சேர்த்து உன்னையும் பழைய இரும்புக்குப் போட்டுருவாங்க."

இப்படி ஊர்த் தகட்டுக்கெல்லாம் பேர் வைத்துக்கொண்டு திரிந்தவளுக்குச் சொந்தமாக ஒரு பேர் இல்லை என்பதுதான் விஷயம். விகாத்தி என்பது பெற்றோர் வைத்த பேர். நான் சொல்வது குலப்பேரை.

அவள் ஜாவாக்காரி. சாலாத்திகாவில் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவள். அவள் பேசக் கற்பதற்குள் அப்பா போய்விட்டார். அப்பா என்று யாரையும் கூப்பிட்டதாக அவளுக்கு நினைவில்லை. இருபது வயதில் பாத்தாமுக்கு வேலை தேடி வந்தாள். வந்த இடத்தில் மரோலோப் என்கிற பற்றவைப்பவனைப் பிடித்துப்போய்த் தேவாலயத்தில் மாலை மாற்றிக்கொண்டாள். மரோலோப் சுமத்ராவின் பத்தாக்கு இனத்துக்காரன், சித்தோருஸ் குலம். அங்கேதான் சிக்கல் ஆரம்பித்தது.

பத்தாக்குக்காரர்கள் இரண்டு பேர் சந்தித்தால் சௌக்கியமா என்று கேட்கமாட்டார்கள். என்ன குலம், அம்மா எந்தக் குலத்துப் பெண் என்பதுதான் முதல் கேள்வி. இரண்டு நிமிஷத்துக்குள் ஒருத்தர் மாமனாகிவிடுவார், இன்னொருத்தர் மருமகனாகிவிடுவார். காபி வருவதற்குள் உரிமையோடு திட்டவும் ஆரம்பித்துவிடுவார்கள். விகாத்தியிடமும் அந்தக் கேள்வி வரும். "நான் ஜாவாங்க," என்பாள். "அப்படியா," என்று மரியாதையாக ஒரு நாற்காலியை இழுத்துப் போடுவார்கள். அதோடு சரி. அவளை எந்த முறை வைத்துக் கூப்பிடுவதென்று யாருக்கும் தெரியாது. அதனால் மகளின் பேரைச் சொல்லித் தியூரம்மா என்று கூப்பிட்டு ஒப்பேற்றினார்கள். விருந்துகளில் பன்றிக் கறியை உறவுமுறைப்படி பங்கு பிரித்துப் பேர் சொல்லி அழைக்கும்போது மரோலோப்பின் வீட்டை யாரும் அழைக்கமாட்டார்கள். முறை செய்யாத கல்யாணத்துக்குப் பங்கு கிடையாது. கறிக்காக யாரும் ஏங்கவில்லை. பேர் சொல்லி அழைப்பார்களா என்று பன்னிரண்டு வருஷமாக ஒவ்வொரு விருந்திலும் அவள் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். வெட்கத்தை விட்டு மரோலோப்பிடம் அதைச் சொல்லியும் இருக்கிறாள்.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. வெளியே இருந்து வந்த பெண்ணை யாராவது ஒரு பத்தாக்குக் குடும்பம் மகளாக ஏற்றுக்கொண்டு தன் குலப்பேரைக் கொடுத்தால் போதும். மாப்பிள்ளையின் தாய்மாமன் கொடுப்பதுதான் உசத்தி. நம் பக்கத்தைப் போலவே அங்கேயும் மாமன் மகள்தான் முறைப்பெண். மாமன் வாயால் மகள் என்று சொல்லி, உலோஸ் என்கிற நெய்த துணியைத் தோளில் போர்த்தி, தலையில் அரிசி தூவினால் அப்புறம் அவளை யாரும் ஒன்றும் கேட்க முடியாது.

மரோலோப்பின் தாய்மாமன் எங்கேயோ தொலைவில் இருக்கவில்லை. அதே பட்டறையில், அதே கூரைக்குக் கீழே, தகடு வெட்டும் பகுதிக்கு மேஸ்திரியாக வெள்ளைத் தொப்பி போட்டுக்கொண்டு நின்றார். சியாகியான் என்பது அவர் குலப்பேர். அப்படித்தான் எல்லாரும் அவரைக் கூப்பிட்டார்கள். மாமனை அவர்கள் பாஷையில் துலாங் என்பார்கள், விகாத்தியும் அவரைத் துலாங் என்றுதான் கூப்பிடுவாள். நல்ல மனுஷர்தான். ஆனால் மரோலோப்புக்கென்று தன் சொந்த மகளை மனசுக்குள் முடிந்து வைத்திருந்தவர். இவன் ஒரு ஜாவாக்காரியைக் கூட்டிக்கொண்டு வந்து நின்றதும் அவருக்கு உள்ளே என்னவோ முறுக்கிக்கொண்டுவிட்டது. மகள் வேறு இடத்தில் வாழ்க்கைப்பட்டு மூன்று பிள்ளை பெற்று சௌக்கியமாகத்தான் இருந்தாள். முறுக்கு மட்டும் அவிழவில்லை. யாராவது பேச்சை எடுத்தால், "பாக்கலாம், பாக்கலாம்," என்பார். அந்தப் பாக்கலாமிலேயே பன்னிரண்டு வருஷம் போயிற்று.

அந்த வருஷம் சொந்த ஊரான பாலிகேயில் மரோலோப்பின் அம்மா படுத்த படுக்கையானாள். கிழவி தம்பிக்கு ஃபோன் போட்டாள். "நான் கண்ணை மூடறதுக்குள்ள என் மருமகளுக்கு ஒரு பேர் குடுத்துருடா," என்றாள். அக்காவின் குரலைக் கேட்டதும் மனுஷர் இளகிவிட்டார். நவம்பர் கடைசிச் சனிக்கிழமை என்று நாள் குறித்தார்கள்.

நாள் குறித்த பிறகு விகாத்திக்குத் தூக்கம் போயிற்று. சடங்கு முடிந்தால் சியாகியானைத் துலாங் என்று கூப்பிடக் கூடாது, அமாங் என்று கூப்பிட வேண்டும். அமாங் என்றால் அப்பா. பழக்கமில்லாத சொல், தப்பித்தவறிச் சபையில் தடுமாறிவிடக் கூடாதே என்று, காலையில் மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போகும்போது ஹெல்மெட்டுக்குள்ளேயே சொல்லிப் பார்த்துக்கொண்டு போவாள். முப்பத்தெட்டு வயதுப் பெண்பிள்ளை, பச்சை விளக்கு விழுந்தது தெரியாமல் அமாங், அமாங் என்று முனகிக்கொண்டு நிற்பதும் பின்னால் லாரிக்காரன் ஹாரன் அடிப்பதும் நடந்தது.

சனிக்கிழமைக்கு ஐந்து நாள் முன்னால், திங்கள் காலை, அவள் பெட்டியோடு வெட்டும் பகுதிக்குப் போனபோது தரையில் இரண்டு வளையங்கள் கிடந்தன. கலனில் குழாய் சேரும் இடத்தில் சுற்றிலும் வைத்துப் பற்றவைக்கிற வளையங்கள். இரண்டும் ஒரே அளவு. புரட்டிப் பார்த்தாள். இரண்டிலும் எழுத்து இல்லை.

சியாகியான் அவளுக்காகவே காத்திருந்ததுபோல் வந்தார். "வா தியூரம்மா. ரெண்டு வளையம் கெடக்கு பாரு. அடிச்சுக் குடு."

"எழுத்து அடிக்காம எப்படி துலாங் வெட்டினீங்க?"

"நேத்து ஞாயித்துக்கிழமை. நீ கோயிலுக்குப் போயிட்டே. வியாழக்கிழமை கலன் உலைக்குள்ள போகணும். போறதுக்குள்ள வளையத்தை வெச்சுப் பத்தவெக்கணும். உலைக்குப் போய் வந்தப்புறம் தொட முடியாதுன்னு உனக்குத் தெரியாதா? சாக்பீஸ்ல எழுதி வெச்சுட்டுத்தான் வெட்டினேன். ராத்திரி வெளியில கெடந்தப்ப மழை கழுவிட்டுப் போயிருச்சு."

"எது எந்தத் தகடு?"

"இடது பக்கம் இருக்கறது ஹைட்ரஜன் கலனுக்கு. வலது பக்கம் அந்தச் சின்னக் கலனுக்கு."

"வெளியில இருந்து உள்ள தூக்கி வெச்சது யாரு?"

"கிரேன்காரன்."

"அப்ப நீங்க கூட நின்னீங்களா?"

சியாகியான் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "முப்பது வருஷமா வெட்டறவன்கிட்ட கேக்கற கேள்வியா இது?"

விகாத்தி உலோகம் பார்க்கும் துப்பாக்கியைக் கொண்டுவந்து இரண்டிலும் வைத்துப் பார்த்தாள். குரோமியம் இரண்டே கால் சதவீதம், மாலிப்டினம் ஒன்று. இரண்டும் அச்சாக ஒன்று. அது இப்படித்தான் காட்டும் என்று அவளுக்குத் தெரியும். என்ன உருக்கு என்று துப்பாக்கி சொல்லும், எந்தத் தகடு என்று சொல்லாது. ஹைட்ரஜன் கலனுக்கு வந்த தகடு தனிச் சோதனை முடித்து வந்தது. இந்த உருக்கு வருஷக்கணக்கில் சூட்டில் கிடந்தால் சில வார்ப்புகளுக்கு நொறுங்கும் குணம் வந்துவிடும். அப்படி வராது என்று நாள்கணக்காகச் சூடேற்றி, படிப்படியாக ஆறவைத்து, உடைத்துப் பார்த்துச் சான்று கொடுத்திருந்தார்கள். சின்னக் கலனின் தகட்டுக்கு அந்தச் சோதனை தேவைப்படவில்லை, செய்யவுமில்லை. இரண்டும் இடம் மாறிப்போனால் பத்து வருஷத்துக்கு ஒன்றும் தெரியாது. அப்புறம் என்றைக்காவது ஒரு காலையில், ஆறிக் கிடந்த கலனை மறுபடி ஓட்டும்போது தெரியும். அப்போது பக்கத்தில் யார் நிற்பார்களோ.

"என்ன யோசனை?" என்றார் சியாகியான். குரலைத் தணித்துக்கொண்டார். "சனிக்கிழமைக்கு உலோஸ் எடுத்தாச்சு. என் பொண்டாட்டி கடை கடையா ஏறி இறங்கினா. பாலிகேயில இருந்து அக்கா தினம் கேக்கறா. மக அப்பனுக்கு ஒரு ஒத்தாசை பண்ணக் கூடாதா?"

மிரட்டியிருந்தால் விகாத்திக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் மிரட்டவில்லை. மக என்றார். பன்னிரண்டு வருஷத்தில் அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்தது அதுதான் முதல் தடவை. கேட்கக் காத்திருந்த சொல் இப்படியா வந்து சேர வேண்டும் என்று விகாத்திக்கு அழுகை வந்தது. இருந்தாலும் கேட்க நன்றாகத்தான் இருந்தது.

பெட்டியைத் திறந்தாள். முதல் எழுத்துக்கான அச்சை எடுத்து இடது வளையத்தின்மேல் நிறுத்தினாள். சுத்தியலை ஓங்கினாள். ஓங்கியபடியே கேட்டாள்.

"நிச்சயமா இதுதானே துலாங்?"

சியாகியானின் கண் இடது வளையத்திலிருந்து வலது வளையத்துக்குப் போயிற்று. திரும்ப இடதுக்கு வந்தது. பொய் சொல்லத் தெரியாத மனுஷர். அது அவருடைய நல்ல குணம். அன்றைக்கு விகாத்தியின் தலையில் விழுந்தது.

அவள் அச்சைப் பெட்டிக்குள் வைத்தாள். "நான் ரிப்போர்ட் எழுதறேன் துலாங்."

"எழுது," என்றார்.

கலனை வாங்குகிறவர்களின் சோதகர் மத்தியானம் வந்தார். சீவி எடுத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினால் எது எதுவென்று கண்டுபிடிக்க வழி இருக்கிறதா என்று விகாத்தி கெஞ்சாத குறையாகக் கேட்டாள். இரண்டு வார்ப்பும் கிட்டத்தட்ட ஒரே சேர்மானம், எதை வைத்துப் பிரிப்பது, அடையாளம் போனால் போனதுதான் என்று அவர் கையை விரித்துவிட்டார். சாயங்காலத்துக்குள் இரண்டு வளையங்களிலும் சிவப்புச் சாயத்தில் பெருக்கல் குறி போட்டார்கள். மிச்சத் தகட்டில் இன்னொரு வளையம் வெட்ட இடம் பத்தாது. புதுத் தகடு ஜப்பானிலிருந்து வர நாலு மாதம். மறுநாள் சியாகியானின் தலையில் வெள்ளைத் தொப்பி இல்லை. மஞ்சள் தொப்பியோடு, அவர் கைக்குள் வளர்ந்தவர்களுக்கு நடுவே, வெட்டும் தீக்குழாயைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். ஓய்வு பெற நாலு மாதம்தான் இருந்தது.

வியாழக்கிழமை சியாகியானின் மனைவி ஃபோன் செய்தாள். சடங்குக்குச் சமைக்கக் கெண்டை மீன் கிடைக்கவில்லையாம், இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாமாம். பத்து எட்டு நடந்தால் கெண்டை மீன் தொட்டியில் நீந்திக்கொண்டிருக்கும் சந்தைக்குப் பக்கத்தில்தான் அவர்கள் வீடு. விகாத்தி, "சரிங்க," என்றாள்.

மரோலோப் சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே இருந்தான்.

"பதினோரு எழுத்துதானே, விகாத்தி."

"ஆமா."

"துலாங்குக்கு எது எதுன்னு தெரியாமலா இருக்கும்?"

"தெரிஞ்சிருந்தா அடிச்சிருப்பேன். சத்தியமா அடிச்சிருப்பேன், ரிப்போர்ட் ஒண்ணும் எழுதியிருக்க மாட்டேன். அவருக்கே தெரியலை."

"அம்மாகிட்ட நான் என்னன்னு சொல்றது?"

விகாத்தி தட்டை நகர்த்தி வைத்தாள். மரோலோப் அதற்குமேல் கேட்கவில்லை. பற்றவைக்கிறவன். அந்த வளையத்தின் பற்றவைப்புத் தையலை அவன்தான் போட்டிருக்க வேண்டும், தையலுக்குப் பக்கத்தில் அவனுடைய எண்ணைத்தான் அடித்திருப்பார்கள். எழுந்து கையைக் கழுவிக்கொண்டு வந்து, அவள் தட்டில் மீதி இருந்த மீனை முள் எடுத்து வைத்தான்.

ஜனவரியில் பாலிகேயில் கிழவி இறந்துபோனாள். சாவுக்கு முன்னால் செய்யாத பேர் கொடுக்கும் சடங்கைப் பிணத்தை எடுப்பதற்கு முன்னாலாவது செய்கிற வழக்கம் அவர்களிடம் உண்டு. அரை மணி நேரக் காரியம். கேட்க ஒருத்தருக்கும் வாய் வரவில்லை, சியாகியானும் தானாகச் செய்யவில்லை. அக்காவுக்குப் போர்த்த வேண்டிய துணியைத் தம்பி போர்த்தினார். மருமகள்கள் வரிசையாக நின்று கையை மெல்ல அசைத்து ஆடி அழுதபோது, மகள் தியூர் அத்தைமார்களோடு போய் நின்றாள். அவள் அப்பன் வீட்டுப் பிள்ளை, அவளுக்கு இடம் இருந்தது. விகாத்தி பந்தலின் ஓரத்தில், வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கிறவர்களோடு நின்றாள். கிழவி ஃபோனில் அவளிடம் கடைசியாகக் கேட்டது, "என்னைக்கு சடங்கு?" என்பதுதான். மாமியாருக்காக வாய்விட்டு அழவேண்டும் என்று அவளுக்கு இருந்தது. எந்த முறை வைத்துக் கூப்பிட்டு அழுவது என்று தெரியாமல் தண்ணீர் டம்ளர்களை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

மார்ச் கடைசியில் புதுத் தகடு வந்து இறங்கியது. அதை வெட்டும் முறை சியாகியானுக்கு விழுந்தது. அவருக்கு அதுதான் கடைசி வாரம். ஏப்ரலில் மனைவியோடு பாலிகேக்கே போய்விடப் போகிறார் என்று எல்லாருக்கும் தெரியும்.

விகாத்தி பெட்டியோடு போனாள். அந்த நாலு மாதத்தில் அவர்கள் இரண்டு பேரும் வேலையைத் தவிர ஒரு வார்த்தை பேசியதில்லை. அன்றைக்கு ஞானஸ்நானம் என்று கேலி பண்ணவும் யாரும் வாய் திறக்கவில்லை. சோதகர் ஒரு பக்கம் நின்றார். சியாகியான் தகட்டின் மூலைக்குப் போய்க் குனிந்து, சட்டைக் கையால் துடைத்துவிட்டு, எழுத்துகளை ஒவ்வொன்றாகப் படித்தார். அவர் படிக்கப் படிக்க அவள் அடித்தாள். ஒவ்வொன்றையும் அடித்ததும் அவர் நடந்து வந்து பார்த்துத் தலையாட்டிவிட்டுத் திரும்பிப் போய் அடுத்ததைப் படித்தார். ஒன்பதாவது எழுத்தில் அவருக்கு மூச்சு வாங்கியது. அறுபது வயதாகப் போகிறவர். பிடரியெல்லாம் நரைத்திருந்தது. அவருக்குப் பதில் தானே நடந்துவிடலாம் போல் விகாத்திக்கு இருந்தது. கோபம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. இவரை அப்பா என்று கூப்பிட்டிருக்க வேண்டியவள் நான் என்கிற எண்ணம்தான் மிஞ்சியிருந்தது.

பதினொன்றும் முடிந்தது. சோதகர் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். வெட்டும் கோட்டின் இருபுறமும் தகட்டைச் சூடேற்றினார்கள். சூடு பார்க்கும் சாக்குக்கட்டி கோட்டில் உருகி வழிந்ததும் சியாகியான் முகமூடியை இறக்கிக்கொண்டு குழாயைப் பற்றவைத்தார். இந்த உருக்கு வெட்டுப்படும் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் கத்தினாலும் கேட்காது.

விகாத்தி அவருக்குப் பின்னால் நாலு அடி தள்ளி நின்றாள். ஹெல்மெட்டுக்குள் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்ததுதான். தடுமாறவில்லை.

"அமாங்."

தீ அணைந்தது. சியாகியான் முகமூடியை மேலே தள்ளிவிட்டுத் திரும்பினார்.

"ஏதாச்சும் சொன்னியா தியூரம்மா?"

அவள் தோளில் துணி இல்லை, தலையில் அரிசி இல்லை. கூடிநின்று பார்த்த சபை இல்லை. அடியில் தகடு அனலாகக் கொதித்துக்கொண்டிருந்தது. சியாகியான் அவள் முகத்தையே பார்த்தபடி, ஒரு பதிலுக்குக் காத்திருப்பதைவிடக் கூடுதல் நேரம் காத்திருந்தார்.

"ஒண்ணுமில்ல துலாங்," என்றாள் விகாத்தி. "சூடு ஆறிடப் போகுது. வெட்டுங்க."